மிகையாகாது என்று எழுதாமல் ஒரு கட்டுரை

“சங்க இலக்கியம் தமிழர் வாழ்வின் காலக் கண்ணாடி என்று கூறினால் அது மிகையாகாது.”

தமிழ்த் துறையில் விடைத்தாள் திருத்துகிற யாரிடமாவது இந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் சொல்லிப் பாருங்கள். மீதியை அவர்களே சொல்லி முடிப்பார்கள். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. செமஸ்டர் தோறும் அசைன்மென்ட் கட்டும் விடைத்தாள் கட்டும் மேசைக்கு வந்து சேரும். சந்திப் பிழை, தவறான தகவல் எல்லாம் இருக்கத்தான் செய்யும். அவற்றைவிட எனக்கு அலுப்புத் தருவது இந்த ‘மிகையாகாது’தான். இதில் சிவப்பு மையால் சுழிக்க ஒரு பிழைகூட இல்லை என்பதே என் குறை. சங்க இலக்கியத்தை எடுத்துவிட்டுச் சிலப்பதிகாரத்தைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். பாரதியார் பாடல்களைப் போட்டாலும் நிற்கும். போன வருடம் வந்த நாவலைப் போட்டாலும் நிற்கும். இதை எழுத அந்த மாணவர் இந்த நான்கில் எதையும் திறந்திருக்க வேண்டியதில்லை.

அதனால் என் வகுப்பில் முதலில் சொல்லித்தருவது ஒரு சின்னச் சோதனை. எழுதிய வாக்கியத்தில் நூலின் பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வாக்கியம் உறுத்தாமல் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளுக்கும் இதே சோதனைதான். மொழி வழவழவென்று இருக்கும், பெயரை மாற்றினால் எந்தப் பாட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். நோட்ஸைப் பார்த்து எழுதியவரும் சாட்ஜிபிடியைப் பார்த்து எழுதியவரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

இந்தப் பதிவு கட்டுரை எழுதப்போகிற மாணவர்களுக்காக. ஆசிரியர்கள் படித்தாலும் நல்லதுதான்.

புறநானூற்றின் 192ஆம் பாட்டிலிருந்து தொடங்குகிறேன். கணியன் பூங்குன்றனார் பாட்டு. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்றால் தெரியாதவர் இல்லை. அதுதான் சிக்கலே. இந்தப் பாட்டைப் பற்றி வரும் கட்டுரைகளில் பத்துக்கு ஒன்பது முதல் வரியைத் தாண்டுவதில்லை. உலக ஒருமைப்பாடு, மனித நேயம், தமிழரின் பரந்த மனப்பான்மை, 2019இல் ஐ.நா. பொதுச்சபையில் பிரதமர் இந்த வரியைச் சொன்னது, அப்புறம் திருக்குறளிலிருந்து ஒன்றிரண்டு மேற்கோள். மூன்று பக்கம் நிறைந்துவிடும்.

பாட்டு மொத்தம் 13 வரி. இரண்டாவது வரியிலேயே பேச்சு திரும்பிவிடுகிறது. ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா.’ நோவதும் அது தணிவதும் அப்படியே. சாவு ஒன்றும் புதிதல்ல. வாழ்க்கை இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுத்துப்போய்த் துன்பம் என்று சொன்னதும் இல்லை. பிறகு வருவது ஓர் ஆற்றின் காட்சி. வானம் மின்னலோடு மழை பொழிகிறது, பாறையில் மோதி இரைந்து ஓடும் பெரிய ஆற்றின் போக்கில் மிதவை போவதுபோல உயிர் முறையின் வழியே போகும் என்கிறார். ‘என்பது திறவோர் காட்சியின் தெளிந்தனம் ஆகலின்’, அதாவது அறிந்தவர்கள் கண்டு சொன்னதால் இது தெளிந்தோம் என்று ஒரு காரணம் சொல்லிவிட்டு முடிவுக்கு வருகிறார்:

‘பெரியோரை வியத்தலும் இலமே
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.’

முதல் வரியை மட்டும் வைத்து எழுதினால் இது அன்பைப் பற்றிய பாட்டு. 13 வரியையும் படித்தால், கிட்டத்தட்ட எதற்கும் அசையாத ஒரு மனம் தன் நிலையை விளக்குகிறது. அதில் கொஞ்சம் குளிர்ச்சிகூட இருக்கிறது. ‘யாவரும் கேளிர்’ என்று சொல்கிறவர் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. எல்லாரும் அதே ஆற்றில்தான் மிதக்கிறோம், இதில் யாரை வியப்பது, யாரை இகழ்வது என்கிறார். அப்படியென்றால் முதல் வரியும் கடைசி வரியும் எப்படிச் சேர்கின்றன? எல்லாரையும் உறவு என்பதும் யாரையும் வியக்கமாட்டேன் என்பதும் ஒரே மனநிலையா, வேறு வேறா? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாலே கட்டுரைக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்துவிடும். பதில் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். இந்தப் பாட்டு இருப்பது புறநானூற்றில். பக்கத்தைப் புரட்டினால் புலவர்கள் மன்னர்களையும் வள்ளல்களையும் வியந்து பாடிப் பரிசில் கேட்கிறார்கள். அந்தத் தொகுப்புக்கு நடுவில் ஒருவர் ‘பெரியோரை வியத்தலும் இலமே’ என்கிறார். இது எவ்வளவு துணிச்சலான வரி! ஐ.நா. சபைவரை போன கட்டுரைகளில் பக்கத்துப் பாட்டுவரை போனவை மிகக் குறைவு. இதே புலவரின் பாட்டு நற்றிணையிலும் ஒன்று இருக்கிறது (226). தலைவனின் பிரிவை நொந்துகொள்ளும் தலைவி, தன் துன்பத்தைச் சொல்வதற்கு முன்னால் உலக வழக்கைப் பேசுகிறாள்: மரம் செத்துப்போகும்படி யாரும் மருந்து எடுப்பதில்லை, குடிகளின் வளம் கெடும்படி மன்னர் பொன் கொள்வதில்லை. காதல் துயரத்தைப் பேசும்போதும் பொது உண்மையிலிருந்து தொடங்குகிற மனசு. இந்த இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரைப் பக்கம் எழுதினால், ஐந்து குறள் மேற்கோள் தராத ஒன்றை அது தரும்.

முதல் வரியோடு நின்றுபோவதன் இன்னொரு வடிவம், வரியைப் பிய்த்து எடுத்து வேறு எதற்கோ சாட்சியாக்குவது. ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே’ என்று தமிழின் தொன்மையைப் பற்றி எழுதாத மாணவர் உண்டா? அது புறப்பொருள் வெண்பாமாலையின் கரந்தைப் படலத்தில் வருகிற வெண்பா. ‘வாளொடு முன்தோன்றி மூத்த குடி’ என்று முடிகிறது. ஒரு மறக்குடியின் வீரப் பெருமையைப் பேசும் பாட்டு அது. தமிழ் மொழியின் வயதைக் கணக்கிட வந்ததல்ல. வாளை விட்டுவிட்டு மேற்கோள் காட்டினால் பாட்டின் பொருளே போய்விடுகிறது. மேடைப் பேச்சில் நடக்கட்டும். இலக்கியக் கட்டுரையில் நடக்கக் கூடாது.

இங்கே பாரதியையும் சொல்லவேண்டும். ‘மெல்லத் தமிழினிச் சாகும் என்று பாரதியார் அன்றே வருந்தினார்’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் குறையவில்லை. ‘தமிழ்த்தாய்’ என்ற அந்தப் பாட்டில் பேசுவது தமிழ்த்தாய். அவளும் அந்த வரியைத் தன் கருத்தாகச் சொல்லவில்லை. ஒருவன் இப்படிச் சொன்னான் என்று சொல்லி, ‘என்றந்தப் பேதை உரைத்தான்’ என்கிறாள். ‘இந்த வசையெனக் கெய்திட லாமோ’ என்று பொங்குகிறாள். எட்டுத் திக்கும் போய்க் கலைச் செல்வங்களைக் கொண்டுவந்து சேருங்கள் என்று பிள்ளைகளை ஏவுகிறாள். ஆக, பாட்டுக்குள் ஒரு பேதையின் வாயில் இருக்கும் சொல் கட்டுரைக்கு வரும்போது கவிஞரின் தீர்ப்பாக மாறிவிடுகிறது. பாரதி எதை எதிர்த்து எழுதினாரோ அதுவே அவர் பெயரில் பதிவாகிறது.

பள்ளியில் ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்கம் தருக’ என்று ஒரு வினா உண்டு. இடம், பொருள், விளக்கம் என்று மூன்று தலைப்புப் போட்டு மனப்பாடமாக எழுதுவோம். அதைத் திட்டாத தமிழாசிரியர் குறைவு. எனக்கு என்னவோ நம் வினாத்தாள்களிலேயே உருப்படியான கேள்வி அதுதான் என்று தோன்றுகிறது. இந்த வரியை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்று அது கேட்கிறது. அந்தக் கேள்வியைக் கல்லூரிக்கு வந்ததும் கைவிட்டுவிடுகிறோம். பள்ளியில் ஒரு சின்ன வினாவுக்கு ஒழுங்காகக் கேட்டதை இருபது மதிப்பெண் கட்டுரையில் மறந்துவிடுகிறோம்.

அகப்பாடல்களில் இதன் விளைவு பெரியது. ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்ற குறுந்தொகைப் பாட்டை (40) எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகையிலெல்லாம் அச்சாகிவிட்ட பாட்டு. ‘கவிஞர் காதலின் உயர்வைக் கூறுகிறார்’ என்று எழுதுவார்கள். அகப்பாட்டில் கவிஞர் நேராகப் பேசுவதே இல்லை. தலைவன் பேசுவான், தலைவி பேசுவாள், தோழியோ செவிலியோ பேசுவார்கள். இந்தப் பாட்டின் அடியில் இருக்கும் குறிப்பு, முதல் கூடலுக்குப் பிறகு ‘இவர் பிரிந்துவிடுவாரோ’ என்று தலைவி அஞ்சியதை அவள் முகத்தில் கண்டு தலைவன் சொன்னது என்கிறது. அதை வைத்துக்கொண்டு மறுபடி படித்துப் பாருங்கள். என் தாயும் உன் தாயும் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்துகொண்டோம் என்று அவன் அடுக்குவது, அவள் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பயத்தை அவனே வாய்விட்டுச் சொல்வதுபோல ஆகிவிடுகிறது. நாம் அந்நியர்கள்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகே செம்மண்ணில் பெய்த மழைக்கு வருகிறான். பத்திரிகையில் வெற்றி அறிவிப்பாகத் தெரிந்த பாட்டு இப்போது ஆறுதல் சொல்லும் பாட்டு.

அந்த அடிக்குறிப்புகள் பாட்டு எழுதியவருடையவை அல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனவே குறிப்பை ஏற்காமலும் ஒரு மாணவர் எழுதலாம். இதைத் தலைவி சொல்வதாக வைத்துக்கூட வாதாடிப் பார்க்கலாம். ஆனால் யார் பேசுகிறார் என்ற கேள்வியைத் தாண்டாமல் எழுத முடியாது.

இதே பாட்டுக்குக் ‘கவிஞர் குறிப்பு’ என்று தலைப்பிட்டு ஒரு பத்தி எழுதிய தாளும் பார்த்திருக்கிறேன். செம்புலப்பெயனீராரைப் பற்றி என்ன எழுத முடியும்? அந்தப் பெயரே ‘செம்புலப் பெயனீர்’ என்ற தொடரிலிருந்து வந்தது. இயற்பெயர் யாருக்கும் தெரியாது. அவரைச் சங்ககாலப் பெரும்புலவர், இயற்கையில் ஈடுபாடு மிக்கவர் என்றெல்லாம் எழுதினால் அதுவும் பெயரை மாற்றிப் போடும் சோதனையில் விழுந்துவிடும்.

அப்படித் தன் தொடராலேயே பெயர் பெற்ற இன்னொருவர் அணிலாடு முன்றிலார். எனக்கு மிகவும் பிடித்த குறுந்தொகைப் பாட்டு அவருடையது (41). அதிகம் கெடுக்கப்படுகிற பாட்டும் அதுதான். தலைவி தோழியிடம் சொல்கிறாள்: காதலர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊரைப்போல மகிழ்வேன், அவர் பிரிந்துபோன அன்று, பாலைவழியை ஒட்டிய சிற்றூரில் ‘மக்கள் போகிய அணிலாடு முன்றில் புலப்பில்’ போலப் பொலிவிழந்து வருந்துவேன். புலப்பில் என்றால் ஆள் விட்டுப்போன வீடு.

கட்டுரையில் இப்படி வரும்: ‘இப்பாடலில் உவமை அணி சிறப்பாகப் பயின்று வந்துள்ளது.’ அதோடு அடுத்த தலைப்பு. உவமை இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் வேலை முடிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று கட்டம் போட்டு நிரப்புவதும் இதே வகைதான். திணை பாலை, நிலம் சுரம், ஒழுக்கம் பிரிவு. சரி, அப்புறம்?

அப்புறம் அணிலைப் பார்க்கவேண்டும். வீடு வெறுமையாக இருக்கிறது என்று சொல்ல நினைப்பவர் சாதாரணமாக என்ன சொல்வார்? சத்தமில்லை, அசைவில்லை என்பார். இங்கே முற்றத்தில் ஓர் உயிர் ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறது. ஆள் நடமாட்டம் இருந்தால் அது அங்கே அத்தனை சுதந்திரமாக ஆடாது. அதன் ஆட்டம்தான் வீட்டில் ஆளில்லை என்பதற்கு அடையாளம். துக்கத்தைக் காட்ட ஒரு துள்ளலைப் பயன்படுத்துகிற தைரியம் அந்தக் கவிஞருக்கு இருந்திருக்கிறது. இன்னொன்று, அவள் தன்னை ஒப்பிடுவது இரண்டு இடங்களோடு. அவர் இருந்தால் அவள் ஓர் ஊர், போய்விட்டால் ஒற்றை வீடு. அந்த வீடும் எல்லாரும் விட்டுப்போனது. இவளை விட்டுப் போனவர் ஒருவர்தான், ஆனால் ‘மக்கள் போகிய’ என்கிறாள். ஒருவர் போனது ஊரே போனதுபோல இருக்கிறது என்று அவள் எங்கும் சொல்லவில்லை. உவமைக்குள் வைத்துவிட்டுப் போகிறாள்.

அணியின் பெயரைச் சொன்ன பிறகு ‘அதனால் என்ன?’ என்று ஒரு தடவை கேட்டால் இதுவரை வந்துவிடலாம். என் மாணவர்களுக்கு இது வராது என்று நான் நினைக்கவில்லை. வகுப்பில் வாய்விட்டுப் பேசும்போது வருகிறது. “அணிலுக்கு ஜாலி, அவளுக்கு இல்லம்மா” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் சொன்னான். அருமையான வாசிப்பு. அதே பையன் தாளில் ‘உவமை அணி பயின்று வந்துள்ளது’ என்றுதான் எழுதினான். தாளில் எழுதுவதென்றால் தன் குரலைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று அவனுக்கு யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கதைகளுக்கு வருவோம். சிறுகதை பற்றிய கட்டுரை என்றால் கதைச் சுருக்கம் என்றாகிவிட்டது. நான் கதைச் சுருக்கத்துக்கு எதிரி இல்லை. படிக்காதவருக்கும் புரியும்படி கதையை எட்டு வரியில் சொல்வது லேசான காரியமும் இல்லை. ஆனால் சுருக்கம் எழுதும்போது ஒன்று நடக்கிறது. கதை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறோம். கதை சொல்லப்பட்ட வரிசை காணாமல்போகிறது.

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ நல்ல உதாரணம். மாணவர் எழுதுவது: ‘பிரமநாயகம் பிள்ளை சென்னையில் துணிக்கடையில் வேலை செய்கிறார். அவர் மனைவி செல்லம்மாள் நோயாளி. அவர் அவளை அன்போடு கவனித்துக்கொள்கிறார். இறுதியில் அவள் இறந்துவிடுகிறாள்.’ இதில் ஒரு தகவலும் பொய் இல்லை. ஆனால் புதுமைப்பித்தன் கதையைத் தொடங்குவதே செல்லம்மாளுக்கு மூச்சு அடங்கிய கணத்தில். ‘இறுதியில்’ என்று மாணவர் எழுதியது முதல் வரியிலேயே நடந்துவிட்டது. பிறகுதான் கதை பின்னால் போகிறது. அதனால் அவர் அவளுக்குச் செய்யும் பணிவிடை, இருவரும் பேசிக்கொள்ளும் சின்னச் சின்ன ஆசைகள், ஒவ்வொன்றையும் நாம் அந்த உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு படிக்கிறோம். பிழைத்துவிடுவாளா என்ற பதைப்பு நமக்கு இல்லை. அந்தப் பதைப்பை எடுத்துவிட்டு வேறு எதைக் கவனிக்கச் சொல்கிறார்? அந்த மனிதரின் நிதானத்தையா, வறுமையையா, அன்பு என்று பெயர் வைக்கக்கூடத் தயங்கும் ஒன்றையா? இதுதான் கட்டுரை. நேர்வரிசையில் சுருக்கம் எழுதியவருக்கு இந்தக் கேள்வி வரவே வராது. அவர் தாளில் அவள் கடைசியில்தான் சாகிறாள்.

இதைவிடப் பரவலான நோய் ஒன்று உண்டு: பாத்திரப் படைப்பு என்ற பெயரில் அடைமொழிகளை அடுக்குவது. ‘கண்ணகியின் பாத்திரப் படைப்பை விளக்குக’ என்றால் கற்புக்கரசி, பொறுமையின் சிகரம், வீரத்தாய், நீதி கேட்ட நெருப்பு என்று துணைத் தலைப்புகள் வரும். ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரி. ‘கணவனை ஒரு சொல்லும் குறை கூறாதவள்’ என்ற வாக்கியம் அநேகமாக எல்லாத் தாளிலும் இருக்கும்.

இளங்கோ அப்படி எழுதவில்லை. கண்ணகி எங்கே பேசுகிறாள், எங்கே பேசாமல் இருக்கிறாள் என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். மனையறம் படுத்த காதையில் கோவலன் ‘மாசறு பொன்னே வலம்புரி முத்தே’ என்று அவளைப் பொழிந்து தள்ளுகிறான். அவள் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கனாத்திறம் உரைத்த காதையில் தோழி தேவந்தி, காமவேள் கோட்டத்தை (மன்மதன் கோயிலை) தொழுதால் கணவன் திரும்புவான் என்று வழி சொல்கிறாள். கண்ணகி ‘பீடு அன்று’ (அது பெருமை அல்ல) என்று இரண்டே சொல்லில் மறுத்துவிடுகிறாள். அடுத்து, எல்லாம் இழந்து திரும்பிய கோவலன் வெட்கப்பட்டு நிற்கும்போது, முகத்தில் சிரிப்போடு ‘சிலம்பு உள கொண்ம்’, சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அவன் வேறொருத்திக்குக் கொடுக்கக் காசில்லாமல் வருந்துவதாக நினைத்துத்தான் சொல்கிறாள் என்று படிப்பவர்களும் உண்டு. அப்படிப் படித்தால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் பயமுறுத்தும். வழிநடையில் களைத்துப்போய் ‘மதுரை மூதூர் யாது’ என்று கேட்கிறாள்.

பிறகு கொலைக்களக் காதை. இதைத்தான் யாரும் எடுப்பதில்லை. ஆயர் சேரியில் தன் கையால் சமைத்துக் கணவனுக்குப் பரிமாறிய பிறகு, கோவலன் தான் செய்ததை எண்ணி நொந்துகொள்கிறான். நான் எழு என்றதும் எழுந்து வந்துவிட்டாயே என்கிறான். அப்போது அவள் பேசுகிறாள். அறவோருக்குக் கொடுப்பதையும் விருந்தினரை எதிர்கொள்வதையும் இழந்து நின்ற தன் நிலையைச் சொல்கிறாள். மாமனார் மாமியார் முன் துயரத்தை மறைத்ததைச் சொல்கிறாள். அப்புறம் நேராக அவனைப் பார்த்து: ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்.’ பெரியோர் போற்றாத ஒழுக்கத்தைச் செய்தீர். அதே மூச்சில், மாறாத உள்ளத்தோடு வாழ்பவள் என்பதால் எழுந்து வந்தேன் என்கிறாள்.

ஒரு சொல்லும் குறை கூறாதவள் என்று எழுதிய தாள் இந்த இடத்தில் என்ன செய்யும்? அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்க் கொலைப்படுவதற்குச் சற்று முன் இது நடக்கிறது. அவன் உயிரோடிருக்கும்போது அவள் அவனிடம் சொல்லும் கடைசிக் கணக்கு இதுதான். வழக்குரை காதையில் ‘தேரா மன்னா’ என்று அரசனை நோக்கி வெடிக்கிற குரல் வானத்திலிருந்து திடீரென்று விழவில்லை. முதலில் மௌனம், பிறகு இரண்டு சொல், பிறகு கணவனிடம் ஒரு நேர்ச்சொல், அதற்கப்புறம் அரசவை. இப்படி வரிசையாகக் காட்டினால் பொறுமையின் சிகரம் எப்படி நெருப்பானாள் என்று விளக்க அடைமொழியே தேவைப்படாது.

இவளைப் பற்றியே முதுகலை மாணவர்கள் எழுதும்போது வேறு வகைத் தவறு வரும். பெண்ணியம், பின்காலனியம், கட்டுடைப்பு என்று ஒரு கோட்பாட்டை முதலில் எடுத்துக்கொண்டு அதற்கு இரண்டு பக்கம் விளக்கம். பிறகு கண்ணகியை அதில் பொருத்திப் பார்ப்பது. எனக்குக் கோட்பாடுகள்மீது விரோதம் இல்லை. ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்பதைக் கவனிக்க ஒருவருக்குப் பெண்ணியம் உதவினால் ரொம்ப நல்லது. பெண்ணியம் பற்றி இரண்டு பக்கம் எழுதியும் அந்த வரியைக் கவனிக்காமல் விட்டால்தான் வருத்தமாக இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் முன்னுரைப் பாட்டான பதிகம் சொல்லும் மூன்று கருத்துகளும் அப்படியே. அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும். இவற்றைச் சிலப்பதிகாரத்தின் முடிந்த முடிவாக எழுதிவிட்டு, காதைகளை அதற்கு உதாரணமாக்கிவிடுகிறார்கள். 30 காதையும் மூன்று வரிக்குள் அடங்கியிருந்தால் இளங்கோ பதிகத்தோடு நிறுத்தியிருக்கலாமே.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். ‘கூறுகிறார்’ என்று தொடங்கி அடுத்த வரியில் ‘கூறினார்’ என்று தாவாதீர்கள், ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். ‘தமிழுக்கும் அமுதென்று பேர்’ பாரதிதாசன் பாட்டு, பாரதிக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாட்ஸாப்பில் வந்த மேற்கோளை நூலில் பார்க்காமல் எழுதாதீர்கள். மேற்கோள் எவ்வளவு நீளமோ அதைவிட அதிகமாக அதைப் பற்றி நீங்கள் எழுதவேண்டும். முடியாவிட்டால் மேற்கோளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதற்கெல்லாம் மாணவர்கள் மட்டும்தான் காரணமா? இல்லை. பக்கத்தை எண்ணி மார்க் போடுகிறவர்கள் நம்மில் இருக்கிறோம். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் துணைத் தலைப்புப் போட்டு, மேற்கோளுக்கு அடிக்கோடிட்ட தாள், திருத்துகிறவர் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ஒரு நாளில் இத்தனை தாள் முடிக்கவேண்டும் என்கிற விடைத்தாள் திருத்தும் முகாமில் யாரும் அணில் ஆடுவதை நின்று பார்ப்பதில்லை. மாணவர்கள் இதை நம்மைவிடத் துல்லியமாகக் கணித்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்ததும் முதல் கேள்வி எப்போதும் இப்படி வருகிறது: “அம்மா, இப்படி எழுதினா யுனிவர்சிட்டி பரீட்சையில மார்க் வருமா?”

நான் சொல்கிற பதில் இது. தலைப்புகளை விட்டுவிடாதீர்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை மூன்றும் தாளில் இருக்கட்டும், திருத்துகிறவர் தேடுவார். முன்னுரையை நான்கு வரியில் முடித்துவிடுங்கள், அதில் நீங்கள் கேட்கப்போகும் கேள்வி ஒன்று இருக்கட்டும். பொருளுரையில் நோட்ஸில் இருக்கும் நான்கு குறிப்பில் மூன்றைச் சுருக்கமாக எழுதுங்கள். நான்காவதை விட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு முழுப் பக்கம், நீங்களே கவனித்த இரண்டு வரியைப் பற்றி எழுதுங்கள். அந்தப் பக்கத்துக்கும் ஸ்கெட்ச் பேனாவால் தலைப்புப் போடுங்கள். முடிவுரையில் முன்னுரையைத் திரும்ப எழுதவேண்டாம். எழுதி வரும்போது உங்களுக்கே விடை கிடைக்காமல் போன ஒன்று இருக்கும், அதைக் கேள்வியாகவே எழுதிவிட்டுத் தாளைக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். இப்படி எழுதியவர்கள் யாரும் இதுவரை ஃபெயில் ஆகவில்லை.